பெயரில்லாத படங்கள்

பிரிக்பீல்ட்ஸில் நம் வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம் தொங்குகிறது. கண்டாங்கிச் சேலை, காதில் தண்டட்டி, காலில் தண்டை, முகத்தில் சிரிப்பில்லை. கிள்ளான் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய நம் பாட்டியின் தமக்கை என்பர். பெயரைக் கேட்டால் சொல்வாரில்லை. அறிந்திருந்த அத்தையும் சென்ற ஆண்டு மறைந்துவிட்டார்.

1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பர்ட் கம்பெனியார் நம்மவரையும் படம் பிடித்து விற்றனர். அக்காலத்து இத்தகைய படங்கள் பலவற்றின் அடியில் ஆளின் பெயர் இராது. 'கிளிங்' என்றோ 'தமிழ்ப் பெண்' என்றோ இனப்பெயரே இருக்கும். இதற்கு அயலாரை நொந்து பயனென்ன? நம் வீட்டுப் படத்திலேயே நாம் பெயர் எழுதி வைக்கவில்லையே!

1941-இல் வேலைநிறுத்தம் செய்த கிள்ளான் தோட்டத் தொழிலாளர், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டிறங்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்றனர். தம்மை மனிதராக மதிக்கக் கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் வழிவந்த நாம், சேலையின் கரையையும் நகையின் அழகையும் புகழ்ந்துவிட்டு, உடுத்தியவள் யாரென்று கேளாதிருப்பது எவ்வகைப் பெருமை?

அன்பர்களே! இன்றே வீட்டு முதியோரிடம் படங்களைக் காட்டுங்கள். பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். நாம் காலந்தாழ்த்தினோம், நீங்கள் தாழ்த்த வேண்டாம்.