சக மாணவர் கண்ணில் படும்போது

இணையவழியில் படிப்பவருக்குப் பக்கத்து பெஞ்சு கிடையாது. வகுப்பறையில் நாலு பேர் நோட்டைத் திறந்தால் ஐந்தாமவரின் கையும் தானாக நோட்டுக்குப் போகும். திரைக்கு முன் தனியே இருப்பவருக்கு அந்த உந்துதல் இல்லை. அதை ஈடுகட்டவே கற்றல் தளங்கள் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன.

தம் திறமையை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது, மனிதர்கள் தம்மை ஒத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் விளக்கினார். இணையவழிக் கற்றலிலும் இதுதான் நடக்கிறது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 33,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்த நான்கு திறந்தநிலை இணையப் படிப்புகளில் இதைச் சோதித்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்த்த வீடியோக்கள், முயன்ற வினாக்கள், வினாக்களைக் கெடுவுக்கு எவ்வளவு முன்பாக முடித்தார் என்பது போன்ற கணக்குகள் மாணவருக்குக் காட்டப்பட்டன. அதே படிப்பை முன்பு வெற்றிகரமாக முடித்தவர்களின் கணக்கும் அவற்றோடு சேர்ந்தே இருந்தது. படிப்பை முடித்தவர்களின் விகிதம் கூடியது. ஆனால் பலன் பெற்றவர்கள் ஏற்கெனவே உயர்கல்வி பெற்றவர்களே. கைதூக்கிவிட வேண்டியவர்களுக்கு அது எட்டவில்லை.

ஒப்பீடு மனத்தைத் தளரவைப்பதும் உண்டு. ஆய்வாளர்கள் டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இணையப் படிப்பின் மாணவர்கள் ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிட்டார்கள். மிகச் சிறந்த கட்டுரைகள் கைக்கு வந்தவர்களுக்கே படிப்பைப் பாதியில் விட அதிக வாய்ப்பிருந்தது. எல்லாருமே இப்படித்தான் எழுதுகிறார்கள், நம்மால் ஆகாது என்ற எண்ணம் அவர்களைப் பின்வாங்க வைத்தது.

எதை எண்ணிக் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலியில் சுமார் 30 பேர் வாரந்தோறும் ஒரே பட்டியலில் போட்டியிடுகிறார்கள். முன்னணியில் இருப்பவர் மேல் லீகுக்கு ஏறுவார், கடைசியில் இருப்பவர் இறங்குவார். இது நாள் தவறாமல் செயலியைத் திறக்கத் தூண்டுகிறது. அதேவேளை, புள்ளிகளுக்காகத் தெரிந்த எளிய பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்யவும் இடம் தருகிறது. புள்ளி ஏறுகிறது, மொழி அதே இடத்தில் நிற்கிறது.

ஆகவே, முதலிடம் பெற்றவரை மட்டும் எல்லாருக்கும் காட்டுவது நல்ல கற்பித்தல் அல்ல. தடுமாறும் மாணவருக்குத் தம்மைவிட ஒரு படி மட்டும் முன்னே இருப்பவரைக் காட்டலாம். அவர் அந்தப் படியை எப்படி ஏறினார் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒப்பீடு வேண்டாம் என்பவருக்கு அதை மறைத்துக்கொள்ளும் வசதியும் தேவை.