கிரவல் பாதையில் தெல்தெனிய வரை

பிரான்ஸில் குடியிருக்கும் என் அக்கா மகள் சென்ற வருடம் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆற்றங்கரை, திராட்சைத் தோட்டம், நடுவே ஒரு கல்லுப் பாதை, அதில் சைக்கிளோடு அவள். லுவார் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே கடல் வரைக்கும் சுமார் 900 கிலோமீற்றர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்களாம். அதை விட்டு விலகிக் கிராமங்களுக்குள் போகும் கல்லுப் பாதைகளில் ஓடுவதற்கென்றே அகலமான டயர் பூட்டிய சைக்கிள்கள் அங்கே விற்கின்றன.

“சின்னம்மா, இதுக்குப் பேர் கிராவல் பைக்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரவல் ரோட்டைத் தேடி இவர்கள் காசு கொடுத்துப் போகிறார்களா? எங்கள் வீட்டு வாசலில் இருந்து பிரதான வீதி வரைக்கும் கிரவல் ரோடுதான். அதற்குத் தார் போடச் சொல்லி எத்தனை பேரிடம் மனுக் கொடுத்திருப்போம்!

நான் இருப்பது கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில். மகாவலி கங்கை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. கல்யாணமாகி வந்து இருபது வருடம் வரைக்கும் அந்த ஆற்றைத் தென்னக்கும்புரப் பாலத்தில் பஸ் ஏறும்போது யன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சைக்கிள் வந்த பிறகுதான் ஆறும் வந்தது.

சைக்கிள் வந்தது 2022இல். அந்த வருடத்தை யார் மறப்பார்? பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. கண்டிக்கு வேலைக்குப் போகும் என் கணவர் பழைய சைக்கிள் ஒன்றைத் தேடி வாங்கினார். அப்போது சைக்கிள் விலையும் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. எரிபொருள் ஓரளவு கிடைக்கத் தொடங்கியதும் அது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டது. அதை எடுத்துத் துடைத்து, நாற்பத்து மூன்று வயதில் ஓட்டப் பழகியவள் நான்.

மாமிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “இந்த வயசில சைக்கிளா மகள்? விழுந்து கையக் கால உடைச்சிக்கிட்டா யாரு பார்க்கிறது?” என்றார். விழவும் செய்தேன், இரண்டு தடவை. சனம் என்ன சொல்லும் என்ற பயம்தான் முழங்கால் காயத்தைவிடக் கூடுதலாக வலித்தது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதைப் படித்திருக்கிறேன். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்களாம். எனக்கு ஒரு பெண் துணைக்கு இருந்திருந்தாலே போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறு மாதத்தில் ஆற்றோரப் பாதைகள் பழகிவிட்டன. ஞாயிறு விடியற்காலையில் நக்கிள்ஸ் மலையில் வெயில் விழுமுன் புறப்பட்டால், எட்டு மணிக்குள் வீடு திரும்பிப் பாண் வாங்கலாம். முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடுவது. நாட்டின் மிக நீளமான ஆறு இது, 335 கிலோமீற்றர். ஆனால் எங்களுக்கு மேலே பொல்கொல்லையில் 1976 முதல் தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே உக்குவெலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே மின்சாரம் எடுத்த பிறகு அது வடக்கே வறண்ட பகுதி வயல்களுக்குப் போகிறது. மிச்சம்தான் எங்கள் பக்கம் வருகிறது. பாறைகளுக்கு நடுவே அது சலசலத்து ஓடுவதும் ஓர் அழகுதான்.

எங்கள் ஊருக்கு அரசர் கதையும் உண்டு. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் நகரை விட்டு இங்கே மாளிகை கட்டி வாழ்ந்தார். அவருக்கு மதுரையில் இருந்து பெண் எடுத்தார்கள். பிள்ளை இல்லாததால் அந்த அரசியின் சகோதரரே அடுத்த அரசரானார். இந்த ஆற்றங்கரையில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதுரைப் பெண்ணின் ஞாபகம் வரும். கடல் கடந்து, பாஷை தெரியாத ஊருக்கு வந்து, இந்த மலைகளைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்?

ஒரு நாள் மாமி தாமாகவே கேட்டார். “தெல்தெனிய வரைக்கும் உன்னால போக ஏலுமா?”

மாமி பிறந்தது பழைய தெல்தெனியவில். அவருடைய அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை இருந்தது. விக்டோரியா அணை கட்டியபோது அந்த நகரம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985இல் திறக்கப்பட்டது. சனங்களுக்கு மேட்டில் புதிய நகரம் அமைத்தார்கள். கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய ஊரின் இடிபாடுகள் வெளியே தெரியும். அந்த ஆகஸ்டில் மழையே இல்லை. மாமியின் முழங்காலோ படி இறங்க விடாது. “கடையைப் படம் எடுத்துக்கொண்டு வா” என்றார்.

போக வர முப்பது கிலோமீற்றருக்கு மேல். நான் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. மகியங்கனை வீதியில் நத்தரன்பொத்த தாண்டினேன். பித்தளை, வெள்ளி வேலைக்காரர் வாழும் கலாபுரக் கிராமம் இங்கேதான். பிறகு பல்லேகல. அந்தப் பிரதான வீதியில் லொறிகள் உரசுவதுபோல வரும். கிளைப்பாதை கிடைத்த இடமெல்லாம் கிரவலில் இறங்கிவிட்டேன். சுற்றுத்தான், ஆனால் நிம்மதி. தென்னை, மிளகு, கொக்கோ மரங்கள், வீட்டு வாசல்களில் காயும் கராம்பு. ஒரு சிங்களத் தாய் “நங்கி, கோஹெத யன்னே?” என்று கேட்டார். தெல்தெனிய என்றதும் கையைத் தலையில் வைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார்.

திகனவில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் பிளேன்டி குடித்தேன். 2018 மார்ச்சில் இந்தப் பக்கத்தில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் ஊரடங்குச் சட்டத்துக்குள் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். கடைச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் பூச்சு புதிதாக இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிளேன்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கிரவலில் போக நினைக்கும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலதைச் சொல்கிறேன். டயரில் காற்றைக் கல்லுப்போல இறுக்கி அடிக்க வேண்டாம். கொஞ்சம் இளக்கமாக இருந்தால்தான் சறுக்காது, உடம்பும் குலுங்காது. ஆனால் மிகவும் குறைத்தால் கல்லில் மோதி டியூப் கடிபட்டுப் போகும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிப்பது ஆபத்து. இரண்டையும் மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும், வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நீளப் பாவாடையோ சேலையோ சங்கிலியில் மாட்டும்; சுடிதார் என்றால் கால் பக்கத்தில் ஒரு றப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பம்பும், ஒட்டுப்போடும் சாமானும் கட்டாயம்.

கடைசியில் சொன்னதை நானே அன்று செய்யவில்லை. தெல்தெனியவுக்கு முன்னால் பின்சில்லில் காற்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டே நடந்தேன்.

மேட்டில் இருந்து பார்த்தபோது நீர்த்தேக்கத்தின் ஓரம் எல்லாம் வெடித்த சேறு. அதன் நடுவே பழைய தார் வீதி ஒன்று நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. வீட்டு அத்திவாரங்கள், பட்டுப்போன மரக்குற்றிகள், மூன்று படிகள். படிகளுக்குப் பின்னால் கட்டடமே இல்லை. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த இடம் பார்த்து இறங்கி, அந்தப் படிகளில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, படம் எடுத்தேன். புதிய நகரத்தில் ஒட்டுப்போட்டுத் திரும்பும்போது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது.

மாமி வாசலிலேயே இருந்தார். சோறு கூடச் சாப்பிடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். நான் அழுவாரோ என்று பயந்தேன்.

“இது நம்ம கடை இல்ல” என்றார். “இது தையற்காரர் வீடு. அவருடைய மகளும் நானும் இந்தப் படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடுவோம். நம்ம கடை சந்திக்கு மேல் பக்கம். நீ அந்தப் பக்கம் போகவே இல்ல.” பிறகு மேசையில் விரலால் வீதி வீதியாகக் கீறிக் காட்டினார். பேக்கரி, தபால் கந்தோர், பஸ் நிற்கும் இடம், அப்பாவின் கடை.

“மழை பிடிக்க முதல் இன்னொருக்கா போயிட்டு வா மகள்” என்றார். “இந்தத் தடவை பம்பைக் கொண்டு போ.”