பனியன் ஊரில் பாக்கெட் பூதங்கள்

திருப்பூரில் பொழுதை ஷிப்டைக் கொண்டுதான் அளக்கிறார்கள். "வீட்டுக்காரர் எப்போது வருவார்?" என்று கேட்டால், "ஒன்றரை ஷிப்டுங்க, ராத்திரி ஆயிரும்" என்று பதில் வருகிறது. 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். 12 மணி நேரம் உழைத்தால் ஒன்றரை. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தையல் மிஷின்களின் இரைச்சல் அடங்கி, நாய் குரைப்பதுகூடக் காதில் விழுகிறது. அன்று பாதி ஊர் கறிக்கடை வாசலில் நிற்கிறது. மீதிப் பாதி காதர்பேட்டையில் பனியன் பேரம் பேசுகிறது. (காதர்பேட்டைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: விலையைக் கேட்டு மயங்கி டஜன் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். துணியை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.)

நான் பேரம் பேசப் போகவில்லை. பிள்ளைகள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னதான் ஆடுகிறார்கள் என்று தாய்மார்கள் கேட்கிறார்களே, அதற்கு விடை தேடி நொய்யல் பாலத்தைத் தாண்டி ஒரு காம்பவுண்டுக்குள் நுழைந்தேன். நடுவே முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாக ஒற்றையறை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். மூன்றாவது வீட்டு அம்மாளுக்கு ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் ஓவர்லாக் டெய்லர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமனார் ஒருவர்.

"ஆட்டம்னு சொன்னாலே எனக்கு வயித்தைக் கலக்குதுங்க" என்றார் அந்த அம்மாள். காரணம் இல்லாமல் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் கணவர் கைபேசியில் ரம்மி ஆடினார். முதலில் சனிக்கிழமைச் சம்பளம் போயிற்று. பிறகு சீட்டுப் பணம். கடைசியில் இவருடைய தோடு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியது. பந்தயம் இல்லாத மின்விளையாட்டுப் போட்டிகளை அதே சட்டம் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. ஆனால் தோடு போன காதுக்குச் சட்டத்தின் உட்பிரிவு எப்படித் தெரியும்? மகள் "போட்டி ஆட்டம் பழகுகிறேன்" என்று சொன்ன அன்று இரவு அந்த அம்மாளுக்குத் தூக்கமே வரவில்லையாம்.

மகள் பழகுவது போக்கிமான். பாக்கெட்டில் அடங்கும் பூதம் என்று அர்த்தம். ஜப்பானில் 1996-இல் வந்த ஆட்டம். உண்டாக்கிய சடோஷி தஜிரி சிறு வயதில் வண்டு, பூச்சி பிடிப்பதில் பித்துப் பிடித்தவர். அந்தப் பித்துதான் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பூதங்களாகப் பெருகியிருக்கிறது. இவற்றை மோதவிடும் உலகப் போட்டி 2009 முதல் நடக்கிறது. திருப்பூர் தனி மாவட்டமான வருஷமும் அதுதான்!

ஆட்டத்தின் சட்டதிட்டத்தைப் பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆளுக்கு 6 பூதங்கள் கொண்ட அணி. எல்லாம் 50-ஆம் படிக்குச் சமமாக்கப்படும். ஆகவே வருஷக் கணக்கில் வளர்த்தவனுக்குத் தனிச் சலுகை கிடையாது. ஒரே இனத்தில் இரண்டு கூடாது. ஒருவர் அணியை மற்றவர் பார்த்த பிறகு, 90 விநாடிக்குள் 6-இல் 4-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் பக்கத்துக்கு 2 நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 4 வித்தைகள். இருவரும் ரகசியமாகக் கட்டளை கொடுத்த பிறகே சுற்று நடக்கும். அடிபட்ட பூதம் மயங்கி விழுமே தவிரச் சாவதில்லை.

இதுவரை கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடியிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எதிராளி சேவலைப் பாக்காம எவஞ்சாமி சேவலை விடுவான்?" என்றார்.

கொங்கு நாட்டுக்காரருக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டிய வித்தையல்ல. அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்கு நடக்கும் சேவல் கட்டு பிரசித்தம். காகம், வல்லூறு, கீரி, மயில் என்று சேவலை நிறத்தால் பிரித்து, எதற்கு எது ஜோடி, எந்த நேரத்தில் எதை விடலாம் என்று கணக்குப் பார்ப்பார்கள். "உங்களுக்கு நாலஞ்சு நிறம், அப்பாரு. எங்களுக்கு 18 இனம்" என்றாள் பேத்தி. தண்ணீர் தீயை அணைக்கும். தீ செடியைக் கருக்கும். செடி தண்ணீரைக் குடிக்கும். மின்சாரம் தரை இனத்தை ஒன்றும் செய்யாது. 'பூகம்பம்' என்ற வித்தையை ஏவினால் எதிராளிகளோடு நம் பக்கத்தில் நிற்கும் துணையும் அடிபடும். ஆகையால் பறக்கும் இனத்தைத் துணைக்கு நிறுத்துவார்கள். தரை குலுங்கினால் பறவைக்கென்ன? பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். கத்தியும் ரத்தமும் இல்லாத கட்டு அவருக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்திருக்கலாம், வெளியில் சொல்லவில்லை.

வேகம் உள்ளது முந்தி அடிக்கும் என்பது பொது விதி. அதையும் புரட்டிப்போட ஒரு மாய அறை உண்டு. அதைப் போட்டால் 5 சுற்றுக்கு மந்தமானதே முந்தும்.

"மெதுவா நடக்கறது முந்திப் போகுமா? இதென்ன அம்மிணி அநியாயம்!" என்றார் தாயார். ஆனால் இட்டிலித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கொண்டார்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் காரியத்தைத்தான் இவளும் முதலில் செய்தாள். பார்க்க அழகாக இருந்த ஆறைச் சேர்த்துக்கொண்டு போய்த் தொடர்ந்து தோற்றாள். பிறகு ஒரு போட்டியில் வென்றவரின் அணியை அப்படியே எடுத்துக்கொண்டாள். வென்ற அணிகளின் பட்டியல் எல்லோரும் பார்க்க வெளியாகிறது. காப்பியடிப்பது இங்கே குற்றமில்லை. ஒரே அணியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஆடுவதுதான் பாடம். தோற்றவுடன் அணியை மாற்றுகிறவர்கள் எதையும் கற்பதில்லை என்று அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எந்தச் சுற்றில் கை நழுவியது என்று பழைய கணக்கு நோட்டில் குறித்து வைக்கிறாள். 'காப்பு' என்ற வித்தையை மறந்தேன் என்பதே பல பக்கங்களில். ஒரு சுற்றுக்கு அடிபடாமல் காக்கும் கவசம் அது. அடுத்தடுத்துப் போட்டால் பெரும்பாலும் பலிக்காது.

நோட்டைத் தாயார் வாங்கிப் புரட்டினார். "டேமேஜ் எங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டாம பீஸைத் திருப்பிக் குடுத்தா டெய்லர் என்னத்தைப் பாப்பான்? இது சரிதான்" என்றார். செக்கிங்காரரின் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வராது.

பணம் விஷயத்தை நானே உட்கார்ந்து பார்த்தேன். இவள் பழகுமிடம் 'போக்கிமான் ஷோடவுன்' என்று ரசிகர்கள் நடத்தும் இலவசக் களம். ஒரு பெயர் மட்டும் கேட்கிறது. பெண் குழந்தைகள் சொந்தப் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை; எதிராளி பேச வந்தால் பதில் சொல்லாமலே ஆடலாம். ஆனால் போக்கிமான் பெயரில் கைபேசிக்கு வந்த வேறு சில ஆட்டங்களில் காசு கொடுத்து வாங்கும் சாமான்கள் உண்டு. பணம் செலுத்தும் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். 2025 வரை அதிகாரபூர்வமான பந்தியில் உட்கார நிண்டெண்டோவின் 'சுவிட்ச்' கருவி வேண்டியிருந்தது. அது டெய்லர் வீட்டில் பல சனிக்கிழமைகளை விழுங்கும் விலை. 'போக்கிமான் சாம்பியன்ஸ்' என்ற புது ஆட்டத்தைக் கைபேசிக்கும் கொண்டு வருவதாக அந்த வருஷம் கம்பெனி அறிவித்ததை, இந்தப் பெண் தேதியோடு நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

பேச்சுக்கிடையே கணவர் கறிப்பையோடு வந்தார். மகள் கையில் கைபேசி ஒளிர்வதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பையை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். நெடுநேரம் கை கழுவினார்.

அந்த மௌனத்தைக் கலைக்கத்தானோ என்னவோ, பெண் ஓர் அணிலின் கதையை ஆரம்பித்தாள். 2014-இல் வாஷிங்டனில் உலகப் போட்டி. தென்கொரியாவின் சேஜுன் பார்க் தன் அணியில் பச்சிரிசு என்ற மின் அணிலைக் கொண்டு வந்தார். சின்ன உருவம், அடிக்கப் பலமில்லை, யாரும் அதைச் சீந்துவதில்லை. அதனிடம் ஒரு வித்தை மட்டும் இருந்தது: "என்னைப் பார்" என்று எதிராளியின் அடியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். அது தாங்கிக்கொண்டு நிற்க, பக்கத்தில் இருந்த பலசாலி நிதானமாகத் தன் வேலையைச் செய்தது. சேஜுன் பார்க் உலக சாம்பியன் ஆனார்.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஒரு மணி நேரம் என்று நிபந்தனை போட்டார். கைபேசி தம் பெயரில், தம் பூட்டில். மகள் சம்மதித்து அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தாள். யாரோ, எந்தத் தேசமோ, எதிராளி வந்து சேர்ந்தார். 90 விநாடி ஓட ஆரம்பித்தது.

"ஏஞ்சாமி," என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் தாயார், "உங்கிட்ட அந்த அணில் இருக்குதா?"