உயிரணுவினுள் ஒரு விளக்கு

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டு மூதுரை. கண்ணுக்கு எட்டாத நுண்பொருள்களை ஆராயப் புகும் மாணவர்க்கு இம்மூதுரை இரு மடங்கு பொருந்தும். இரு பொருள்கள் அருகருகே நிற்கின்றனவா, அன்றி ஒன்றோடொன்று கூடியே விட்டனவா என்று துணிதல் எளிதன்று. இவ்வினா எமக்குப் பாடப்புத்தகத்தினின்று வந்ததன்று. எம் இல்லத்தினின்றே வந்தது.

எம் ஊர் சேலம் ஜில்லாவைச் சார்ந்த ஜலகண்டாபுரம். தறியோசை கேளாத தெரு அங்கே அரிது. எம் பாட்டியார் சிறு வயது முதல் ராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றியவர். அறுந்த நூலின் இரு முனைகளையும் விரல் நுனியால் திரித்து, இணைத்த இடம் தெரியாமல் இணைப்பதில் அவருக்கு நிகரானவர் எம் தெருவில் இல்லை. அறுபது வயது கடந்தபின், அவர் சும்மா இருக்கும் வேளையில் வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. நாளடைவில் நடை குறுகிற்று. முகத்தின் அசைவும் குன்றிற்று. வைத்தியர் சோதித்து, இது நடுக்குவாதம் என்றும், 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்தமையால் அவர் பெயரால் வழங்குவது என்றும் கூறினார்.

அவர் கொடுத்த மருந்து லெவோடோபா. இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. நடுக்கத்திற்குப் பூனைக்காலி விதையை வழங்குதல் ஆயுர்வேத மரபு. அவ்விதையிலிருந்து இப்பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளராகிய தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் 1937-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். 1960-களில் இது நோயாளிகளுக்குப் பயன்படலாயிற்று. மூளையிற் குறைந்துபோன டோபமீன் என்னும் பொருளை இம்மருந்து நிரப்புகின்றது. ஆனால் அப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதை இது தடுப்பதில்லை. பாட்டியார் இதனைத் தம் அநுபவத்தாலேயே அறிந்துகொண்டார். "மாத்திரை போட்டா நடுக்கம் அடங்குது, அப்புறம் திரும்பி வந்துடுது. உள்ளே என்னதான் நடக்குது கண்ணு? படிக்கிற பிள்ளை பாத்துச் சொல்லேன்" என்றார்.

உள்ளே நடப்பதைக் காண்பது எங்ஙனம்? இந்நோயால் இறந்தோரின் மூளையிற் காணப்படும் சிறு கட்டிகளில் ஆல்பா-சைனுக்ளீன் என்னும் புரதம் திரண்டிருப்பது 1997-ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. ஆனால் இறந்த மூளை நெய்து முடித்துத் தறியினின்று அறுத்த துணியை ஒத்தது. ஊடை பாவோடு சேரும் விதத்தைக் காண வேண்டுமாயின், தறி ஓடும்போதே பார்த்தல் வேண்டும். உயிருள்ள அணுவில், முதல் இரண்டு மூலக்கூறுகள் கூடும் கணத்தைப் பிடித்தல் வேண்டும். சாதாரண ஒளியால் இயங்கும் நுண்ணோக்கியோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்கினும் நெருங்கிய இரு புள்ளிகளை ஒன்றாகவே காட்டும். புரதங்களோ அதனினும் மிகச் சிறியன.

இவ்விடத்துக் கை கொடுப்பது உடனொளிர்தல் என்னும் இயல்பு. ஒரு நிற ஒளியை ஏற்று, உடனே வேறு நிற ஒளியாக உமிழ்வதே அது. 1852-ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்பார் இதனை விளக்கினார். கடலில் வாழும் ஒருவகை ஜெல்லி மீனிலிருந்து, நீல ஒளி பட்டாற் பச்சையாய் ஒளிரும் புரதத்தை ஷிமொமுரா 1962-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1994-ஆம் ஆண்டில் சால்ஃபி அதனைப் பிற உயிர்களிலும் ஒளிரச் செய்தார். சியென் அதிலிருந்து பல நிறங்களை உண்டாக்கினார். இம்மூவருக்கும் 2008-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது.

அப்பச்சைப் புரதத்தை இரு கூறாக்கினால், தனித்த எக்கூறும் ஒளிராது. ஒரு கூறை ஒரு சைனுக்ளீனோடும், மற்றொரு கூறை வேறொரு சைனுக்ளீனோடும் பிணைத்து உயிரணுவில் இடுவர். அவ்விரு சைனுக்ளீன்களும் கூடினால், கூறுகளும் பொருந்தி ஒளி தோன்றும். அதே 2008-ஆம் ஆண்டில் ஊட்டெயிரோ என்பாரும் அவருடன் உழைத்தோரும் இம்முறையாற் சைனுக்ளீன்கள் உயிருள்ள அணுக்களிற் கூடுவதைக் காட்டினர்.

வேறொரு முறையும் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் உட்பட்ட நெருக்கத்தில் இரண்டு ஒளிர்பொருள்கள் இருப்பின், முதலாவது தன் ஆற்றலை ஒளியாக உமிழாமலே அடுத்ததற்கு வழங்கிவிடும். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் ராஜத் வர்மா, சத்யஜித் மேயர் ஆகிய இருவர், இவ்வியல்பைக் கொண்டே, அணுவின் மேற்பரப்பிற் சில புரதங்கள் சிறு சிறு குழுக்களாக நிற்பதை 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

யாம் ஒரு கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்திற் சில வாரம் பயின்றோம். இருட்டறையில் நீல ஒளியைப் பாய்ச்ச, கரிய வெளியிற் பச்சை அணுக்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. எம் நெஞ்சம் துள்ளிற்று. அருகிருந்த ஆசிரியர் அமைதியாகக் கூறினார்: "ஒளியைக் கண்டு மயங்காதீர். இக்கூறுகள் ஒருமுறை பொருந்தினாற் பெரும்பாலும் பிரிவதில்லை; தாமே பிரியக்கூடிய இரண்டை நம் அடையாளமே கட்டிவைத்திருக்கவும் கூடும். மற்றை முறையோ நெருக்கத்தைச் சொல்லுமேயன்றிப் பிணைப்பைச் சொல்லாது. ஆதலால் ஒரு முறையிற் கண்டதை வேறு முறையாற் சோதித்த பின்னரே நம்புக."

ஊர் திரும்பி, இவையனைத்தையும் பாட்டியாருக்கு எளிய சொற்களால் எடுத்துரைத்தோம். நோயை நிறுத்தும் மருந்து இன்னும் கிட்டவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் சிந்தித்து, "ரெண்டும் சேர்றது தெரிஞ்சுதுன்னா, சேராமத் தடுக்க வழி தேடலாம் இல்லையா?" என்றார். ஆய்வாளர் செய்ய முயல்வதும் அதுவே. ஒரு பொருளை இட்டபின் பச்சை ஒளி மங்கின், அது கூட்டத்தைத் தடுக்கின்றதோ என்று ஐயுற்று மேலும் சோதிப்பர். ஒளியைக் காண்பதிற் களிப்பவராகிய நாம், ஒளி அணைவதையும் விரும்பிக் காத்திருக்க வேண்டிய துறை இது.

தோழர்களே! தார் சுற்றிய மூதாட்டி ஒருவர் கேட்ட அக்கேள்விக்கு விடை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. அதனைத் தேடி ஆய்வுக்கூடம் புகுவோர் நம் கல்லூரியினின்றும் பலர் தோன்றுவாராக.