முதலில் வீட்டில் சொல்

பழகியவனோடு உறவு முறிந்து, அவன் உன் அந்தரங்கப் படங்களை இணையத்தில் போட்டுவிட்டான் என்று தெரிந்தால் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தில் பெண்கள் இரண்டு காரியம் செய்வார்கள். அவனைக் கூப்பிட்டுக் கெஞ்சுவார்கள். தங்கள் போனில் இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். இரண்டையும் செய்யாதே கண்ணு.

காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் பெண்களுக்குத் துணையாகப் போய்வருகிறவள் நான். ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அது அதிரும்போதெல்லாம் அவள் தோளும் அதிர்ந்தது. படம் வெளியே போனதைவிட, "உங்கப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்று அவன் அனுப்பியிருந்த ஒற்றை வரிதான் அவளை ஆட்டிப் படைத்தது. அவள் அம்மாவை வரவழைத்தோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என் சுவரில் இருந்த காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில், மகள் சொல்லச் சொல்லத் தேதிகளை எழுத ஆரம்பித்தார். எப்போது மிரட்டினான், எந்த எண்ணிலிருந்து, எத்தனை ரூபாய் கேட்டான். அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அந்தத் தாள் நிறைந்தபோது அதுவும் போயிற்று. பணம் கொடுத்திருந்தாலும் அவன் நிறுத்தியிருக்க மாட்டான். கொடுத்தவளிடம்தான் மறுபடி கேட்பார்கள்.

வீட்டில் எல்லோரிடமும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். அம்மாவோ, அக்காவோ, சித்தியோ, உன் பக்கம் நிற்கிற ஒருவர் போதும்.

அடுத்தது ஆதாரம். படம் மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பதிவின் லிங்க், போட்டவனின் கணக்கு முகவரி, தேதி, நேரம், அவன் அனுப்பிய மிரட்டல் எல்லாம் வேண்டும். கணக்கின் பெயரை அவன் நாளைக்கே மாற்றிவிடலாம் என்பதால் லிங்க்கைத் தனியாக எழுதி வை. இதெல்லாம் கையில் வந்த பிறகு அவனை பிளாக் செய்.

உன்னிடம் உள்ள மூலப் படத்தையும் அழிக்காதே என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஓர் இலவச வசதி 2021 முதல் இயங்குகிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உன் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு உருவாகும். அது மட்டும்தான் வெளியே போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ரெடிட் போன்ற நிறுவனங்கள் அதை வைத்து அதே படத்தைக் கண்டுபிடித்து நீக்கும், மறுபடி ஏற்றினாலும் தடுக்கும். படம் எடுக்கப்பட்டபோது உனக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் 'டேக் இட் டவுன்' என்ற தனி வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கைமாறிப் போனதை இவற்றால் திரும்பப் பிடிக்க முடியாது. கூகுளிடம் தனியாக விண்ணப்பித்தால் தேடலில் வருவது நிற்கும். படம் இருக்கும் தளத்திலிருந்து அது போகாது. அதனால் அந்தத் தளத்துக்கும் எழுத வேண்டும்.

நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் கொடுத்தால், சமூக ஊடக நிறுவனம் 2 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இது 24 மணி நேரமாக இருந்தது). முகத்தை ஒட்டிப் போலியாகச் செய்த படத்துக்கும் இது பொருந்தும். கூடவே தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இத்தகைய குற்றங்களை அங்கே பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். ஆனால் வழக்கு நடக்க வேண்டுமானால் பெயரோடு கொடுப்பதே நல்லது. பணம் பறித்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்குப் பேசு.

"நீயாத்தானே அனுப்பின?" என்று யாராவது கேட்பார்கள். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது: படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை.

2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரே இந்தக் கொடுமைக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் படித்தவளுக்கே நேர்ந்ததென்றால் உனக்கு நேர்ந்ததில் உன் புத்தியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பழகியவனை நம்பினாய். நம்பிக்கையை விற்றவன் அவன்.

ஒரு தடவை நீக்கினதும் விட்டுவிடாதே. சில வாரம் கழித்து வேறொரு தளத்தில் தலைகாட்டலாம். தேடிப் பார்க்கிற வேலையை நீ செய்ய வேண்டாம், பார்க்கப் பார்க்க மனசு உடையும். அக்காவோ தோழியோ செய்யட்டும். புது லிங்க் கிடைத்தால் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு அதோடு சேர்க்கச் சொல். அந்த எண்ணை உன் போனில் மட்டும் வைக்காமல் அம்மாவின் போனிலும் ஏற்றி வை.