மாமிக்கு ஒரு தனி மிக்ஸ்

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் மாமி பாடியது நன்றாக இல்லை. அதற்கு நான்தான் காரணம் என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது.

மாமி என்றால் நாங்கள் குடியிருக்கும் மயிலாப்பூர் வீட்டின் சொந்தக்காரர். கீழே அவர், மாடியில் நாங்கள். எழுபத்தொரு வயது. நாற்பது வருஷமாகப் பாட்டு சொல்லித்தருகிறார், என் மனைவியும் அவரிடம்தான் கற்றுக்கொள்கிறாள். பெரிய சபாக்களில் பெயர் வராது. ஒவ்வொரு டிசம்பரிலும் லஸ் பக்கம் நூறு நாற்காலி கொள்ளும் ஒரு ஹாலில் சிஷ்யைகள் சேர்ந்து ஒரு கச்சேரி ஏற்பாடு செய்வார்கள். சவுண்டுக்குத் தனியாக ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. "நீ ஈ.சி.ஈ. தானேப்பா படிச்சே?" என்று மாமி கேட்டார். நான் ஓ.எம்.ஆரில் பணப் பரிவர்த்தனைக்கு கோட் எழுதுகிறவன். ஆனால் நம் ஊரில் இன்ஜினியரிங் படித்தவன் ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து ராக்கெட் வரை எதற்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மிக்ஸர் முன்னால் போய் உட்கார்ந்தேன். (மீம் போட நினைப்பவர்கள் போடலாம். மனைவி ஏற்கெனவே போட்டுவிட்டாள்.)

பத்து சேனல் மிக்ஸர், ஹாலுக்கு இரண்டு ஸ்பீக்கர், மாமிக்கு முன்னால் தரையில் ஒரு மானிட்டர். கச்சேரிக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்: வர்ணம் பாதியில் இருக்கும்போதே பாடகர் விரலை மேலே காட்டுவார், 'மானிட்டரை ஏத்துங்க' என்று. மிருதங்கக்காரரும் காட்டுவார். நமக்குக் கேட்பது வேறு, மேடையில் அவர்களுக்குக் கேட்பது வேறு. ஹாலின் பின்சுவர் பதினைந்து மீட்டர் தள்ளி இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் குரல் பாடியவரின் காதுக்கு வர கிட்டத்தட்ட 90 மில்லிசெகண்ட் ஆகும். தன் குரலே தன்னைத் துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். மானிட்டர் அதற்குத்தான். 1965-இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க, மானிட்டரே இல்லாமல்தான் பீட்டில்ஸ் பாடினார்கள். தாங்கள் பாடுவதே தங்களுக்குச் சரியாகக் கேட்காமல்.

அன்றைக்கு இரண்டாவது உருப்படியில் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து, "குரல் ரொம்ப சத்தமா இருக்கு சார்" என்றார். ஃபேடரைக் கொஞ்சம் இறக்கினேன். மாமி குரலை உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவர் இன்னும் அழுத்திப் பாடினார். கல்யாணியில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது சுருதி நழுவியது. ஒரு முறை இல்லை, நாலைந்து முறை. சிஷ்யைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பிரயத்தனப்பட்டார்கள். கேன்டீன் இல்லாத ஹால் என்பதால் வெளியே போய்ப் பேசியவர்கள் குறைவு. ஆனாலும் 'வயசாயிடுத்து, இனிமே நிறுத்திக்கலாம்' என்பது செருப்பு போடும் இடத்தில் என் காதில் விழுந்தது. மாமி காதிலும் விழுந்திருக்கும். ஜனவரியில் இரண்டு வாரம் கீழேயிருந்து பாட்டுச் சத்தமே வரவில்லை.

ஆகஸ்டில் ஆபீஸ் விழா ஒன்றுக்கு அதே மாதிரி மிக்ஸரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஃபேடரை இறக்கினால் மானிட்டரிலும் சத்தம் இறங்கியது. வயிற்றில் ஏதோ செய்தது.

சின்ன மிக்ஸரில் ஒவ்வொரு சேனலிலும் 'ஆக்ஸ்' என்று ஒரு திருகு இருக்கும். மானிட்டருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். அது ஃபேடருக்கு முன்னாலிருந்து சிக்னலை எடுக்கலாம், பின்னாலிருந்தும் எடுக்கலாம். ப்ரீ, போஸ்ட் என்பார்கள். எக்கோ, ரிவர்ப் போன்ற எஃபெக்டுக்கு போஸ்ட் சரி. மானிட்டருக்கு ப்ரீதான் வேண்டும். நான் வைத்திருந்தது போஸ்ட். ஹாலுக்காக நான் இறக்கிய ஒவ்வொரு தடவையும் மாமிக்குத் தன் குரலே அடங்கிப்போன மாதிரி கேட்டிருக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று 1911-இல் எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் கண்டு சொன்னார். நான் இறக்க, அவர் ஏற்ற, நான் இறக்க. ஒரு சின்ன பட்டனை அமுக்கியிருந்தால் போதும்.

மாமியிடம் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியா" என்றார். பிறகு, "எனக்கு இப்பல்லாம் தம்புராவும் சரியாக் கேக்கறதில்லப்பா" என்றார். இதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வயதானால் காதில் முதலில் போவது மேல் அதிர்வெண்கள்தான். தம்புராவின் ரீங்காரம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

அடுத்த டிசம்பருக்கு நாலு மாதம் இருந்தது. முதலில் இயர்போன் போட்டுப் பார்த்தோம். ஐந்தே நிமிடத்தில் கழற்றிவிட்டார். "காதை அடைச்சுண்டா வயலின் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலை." நியாயம். மைக் வருவதற்கு முன் வெறும் தொண்டையோடு மேல் சுருதியில் பாடிக் கடைசி வரிசையை எட்டிய பரம்பரை இது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை குழந்தைகள் மைக் இல்லாமல் பாடும் கச்சேரிக்கு மாமி தவறாமல் போவார். தானும் அப்படியே பாடிவிடலாமா என்றுகூட யோசித்தார். மின்விசிறி ஓடும் ஹாலில் எழுபத்தொரு வயதுக் குரலுக்கு அது ஆகாது என்று அவரே முடிவு செய்தார்.

ப்ரீக்கு மாற்றினால் மட்டும் போதவில்லை. எங்கள் மிக்ஸரில் ஈக்வலைசரைத் திருகினால் ஹாலிலும் மாறுகிறது, மானிட்டரிலும் மாறுகிறது. ஹாலுக்கு நான் வெட்ட நினைப்பது மாமிக்குத் தேவைப்படுவதாக இருக்கும். ரிட்சி தெருவுக்குப் போய், ஒரு மைக்கை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் ஒன்று வாங்கினேன். மாமியின் மைக் இப்போது இரண்டு சேனலுக்குப் போனது. முதல் சேனல் ஹாலுக்கு மட்டும், அதில் ஆக்ஸ் பூஜ்யம். இரண்டாவது மானிட்டருக்கு மட்டும், அதில் ஃபேடர் அடிமட்டம். இந்த இரண்டாவது சேனலின் ஈக்வலைசர் முழுக்க மாமியின் காதுக்கானது. மேல் ஸ்தாயியின் கூர்மை தெரிகிற மாதிரி ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினேன். மூன்றாவது சேனலில் சுருதிப் பெட்டி, ஹாலுக்குக் கொஞ்சமாக, மானிட்டருக்குத் தாராளமாக. மிருதங்கம் மானிட்டரில் சுத்தமாகக் கிடையாது, அது வலது காதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே.

ட்ரெபிளை ஏற்றினால் ஊளையிடும். பின்னூட்டம் என்றால் இன்று கமெண்ட் என்றுதான் எல்லோருக்கும் அர்த்தம். எனக்கு அது நாலாவது செமஸ்டரில் பாதி மதிப்பெண் வாங்கிய பார்க்ஹவுசன் நிபந்தனை: சுற்றி வரும் சிக்னல் குறையாமல், அதே கட்டத்தில் திரும்பி வந்தால் தானே அலறத் தொடங்கும். மைக்கின் முதுகு நேராக மானிட்டரைப் பார்க்கும்படி வைத்தோம். கார்டியாய்டு மைக்குக்கு முதுகில்தான் காது மந்தம். பிறகு மாமியைப் பாடாமல் உட்காரவைத்து, ஊளை தொடங்கும் இடம் வரை ஏற்றி, அங்கிருந்து நன்றாகக் கீழே இறக்கி, திருகைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டினேன். ஹால் ஃபேடரை எப்படி அசைத்தாலும் அந்த டேப்பைத் தாண்டிக் கைவைப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம்.

கச்சேரி நடந்தது. மாமி நாலரைக் கட்டையில் பாடினார். அழுத்தவில்லை. மேல் ஷட்ஜத்தில் சுருதி நின்றது. முன்வரிசைப் பெரியவர் இந்த முறையும் எழுந்து வந்தார், "இந்த வருஷம் கொஞ்சம் சத்தம் கம்மி" என்று. ஃபேடரை ஏற்றினேன். மேடையில் ஒன்றும் மாறவில்லை. யாருக்கும் தெரியாத அந்தச் சந்தோஷத்தை நானே அனுபவித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காபிக்குக் கூப்பிட்டார்.

"எப்படி இருந்தது மாமி, கேட்டுதா?"

"நன்னாக் கேட்டுதுப்பா. எல்லாமே கேட்டுது." டபராவில் ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. "மேல நிக்கறச்சே ஒரு நடுக்கம் வர்றதே. அது போன தடவையும் இருந்துதா?"

பழைய கச்சேரியின் ரெக்கார்டிங்கை எட்டு மாதமாகக் கேட்டவன் நான். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"இருந்தது மாமி."

தலையாட்டினார். டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்த வருஷம் நாலு கட்டைக்கு இறக்கிண்டுடறேன். நீ அந்த டேப்பை மட்டும் பிச்சுடாதே."