மாமாவின் கோழிகளும் மல்லாட்டைப் புண்ணாக்கும்!

ஞாயித்துக்கிழமை மெஸ்ஸில் சிக்கனுக்காக க்யூவில் நிற்கும்போது, 'இதெல்லாம் ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்தது மச்சி' என்று சவுண்டு விடும் ஃப்ரெண்ட் உங்களுக்கும் இருப்பானே? அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க பாஸ். ஒரு ஷெட்டில் இருக்கிற அஞ்சாயிரம் குஞ்சைப் பிடிச்சு யார் ஊசி போடுறது?

பொரிந்து வரும் பிராய்லர் குஞ்சு சுமார் 40 கிராம். ஒரே வாரத்தில் நாலு மடங்கு ஆகும். அஞ்சு வாரத்தில் ரெண்டு கிலோ! காரணம் இனமும் தீவனமும்தான். 1957, 1978, 2005 காலத்து இனங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். 56-வது நாளில் எடை முறையே 905, 1,808, 4,202 கிராம். 2014-ல் வெளிவந்த ரிசல்ட் இது.

இவ்வளவு வேகமான வண்டிக்குக் கண்ட பெட்ரோலை ஊத்த முடியுமா? செஞ்சி பக்கம் வல்லத்தில் பண்ணை வைத்திருக்கும் என் மாமா பட்டதைக் கேளுங்க.

2021-ல் சோயா புண்ணாக்கு விலை எகிறியது. மத்திய அரசே 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்த வருஷம் அது. மாமா கம்பெனிக்கு வளர்ப்பவர் அல்ல; குஞ்சும் தீவனமும் சொந்தக் காசு, அதாவது பேங்க் லோன். "நம்ம ஊர்ல மல்லாட்டைக்கா மாப்ள பஞ்சம்?" என்று சோயாவை எடுத்துவிட்டு மல்லாட்டைப் புண்ணாக்கைக் கலந்தார். கணக்குப்படி புரதம் 22 சதவீதம், பக்கா.

ஆனா முதல் வாரமே எடை ஏறலை. ஷெட்டில் உமி ஈரமாகி, அமோனியா நெடி கண்ணைக் கரிச்சுது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்துட்டுச் சொன்னது இதுதான். புரதம் என்பது ஒரு சரக்கு இல்லை, பல அமினோ அமிலங்களின் கூட்டணி. மல்லாட்டையில் லைசினும் மெத்தியோனினும் கம்மி. பீப்பாயில் ஒரு பலகை குட்டையா இருந்தா, தண்ணி அந்த உயரம் வரைதானே நிற்கும்? உடம்பில் சேர முடியாத மிச்சப் புரதம் எச்சமாகி வெளியே வந்துடும். அதுதான் அந்த நெடி. பூஞ்சை பிடித்த புண்ணாக்காக இருந்தால் அஃப்ளாடாக்சின் விஷம் வேற!

சோயாவும் மெத்தியோனினும் சேர்த்த பிறகு குஞ்சுகள் தேறின. ஆனால் 35 நாள் ஆயுசில் ஒரு வாரம் என்பது அஞ்சில் ஒரு பங்கு. கூடுதலா ஒரு வாரம் தீனி போட்டுத்தான் விற்க முடிந்தது. உமி வாங்கின காசுகூடத் தேறலை. அந்த வருஷ ஃபீஸுக்கு அக்காவின் செயின் அடகுக்குப் போனது.

நாமெல்லாம் கடுப்போடு படிக்கிற லீனியர் புரோகிராமிங் இருக்கே... தீவன ஆலைகளில் குறைந்த செலவில் கலவை போடுவதே அதை வைத்துத்தான்! போன லீவில் மாமாவுக்கு எக்ஸெலில் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் புரதம் 23, அப்புறம் 22, கடைசியில் 20; லைசின், மெத்தியோனின், கால்சியம், பாஸ்பரஸுக்குத் தனித்தனி வரம்பு, எல்லாம் டாக்டர் சொன்னபடி. மாமா அதைப் பிரின்ட் எடுத்துக் குடோன் கதவில் ஒட்டியிருக்கிறார். மல்லாட்டைக்கு ஏன் இவ்வளவு கம்மியா இடம் கொடுத்தேன்னுதான் இன்னும் சண்டை!